உள்ளங்கையில் ஓடிய படம்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் தெரிந்துகொண்டு நீங்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில்வே கேட்டைத் தாண்டி அப்போது ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. எழுபத்து மூன்றோ நாலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பாதிப் படத்தில் சத்தம் நின்றுவிட்டது. படம் மட்டும் ஓடுகிறது. கதாநாயகி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஒன்றும் வரவில்லை. கொட்டகையே எழுந்து நின்றுவிட்டது. "சவுண்டு! டேய், சவுண்டு வுடுடா!" என்று ஒரே விசில், கூப்பாடு. நானும் கத்தினேன். டிக்கெட் வாங்கியவன் கத்தாமல் இருந்தால் எப்படி?

அந்தக் களேபரத்தில், இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள் மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றுபோனது அவருக்குத் தெரியவே இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. இனிமேல் வரப்போவதெல்லாம் நான் கட்டுவது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு வாக்கியம் எழுதினேன்:

'முப்பத்தொன்றில் சினிமா பேசத் தொடங்கியது. பதருன்னிசாவுக்கு அன்றோடு சினிமா செத்துப்போனது.'

என்ன ஒரு வாக்கியம்! பேர்கூட தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் கதையே எழுத ஆரம்பித்தேன். காப்பாற்ற முடிந்ததா என்பதை நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'செங்கல்பட்டு ஜங்ஷனுக்குள் காலை பாசஞ்சர் கூவென்று ஊதிக்கொண்டு—'

அடித்துவிட்டேன். பதருன்னிசாவுக்குக் காது கேட்காது. கதை அவள் பக்கத்திலேயே நின்று நடக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு ரயில் எப்படி ஊதலாம்?

இரண்டாம் முயற்சி: 'சோவென்று பெய்துகொண்டிருந்த மழையில்—'

பாருங்கள். தமிழில் மழையைக்கூட சும்மா பெய்யவிட முடிவதில்லை. கதவு படாரென்று சாத்துகிறது, வளையல் கலகலக்கிறது, பசித்தால் வயிறு கடமுடா என்கிறது. சத்தம் போடாமல் ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இதற்குமுன் தெரியாது. ஆகையால் ஓர் ஏற்பாடு. பதருன்னிசாவின் பக்கத்தில் நிற்கும்வரை சத்தம் எழுதமாட்டேன். தவறி எழுதினால் அடித்துவிட்டு, அடித்ததை அப்படியே விட்டுவைப்பேன்.

மூன்றாம் முயற்சி நின்றது: 'பதருன்னிசா ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.'

3

அவளுடைய தம்பி அப்துல் கையூம் செங்கல்பட்டில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கலியாணம், கட்சிக் கூட்டம், ஆடி மாசத்துக் கூழ், தர்காவில் உரூஸ், எதுவானாலும் கையூம் பாய் செட்டுதான். குழாய் குழாயாக ஒலிபெருக்கிகள் அந்த வீட்டுக் கூடத்தில் கவிழ்ந்து கிடக்கும். கடைக்கு அனுப்புமுன் அவற்றைத் துடைத்து வைப்பது பதருன்னிசா. சோதனைக்காகத் தம்பி செட்டைப் போட்டால், குழாயின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஓடுகிறது என்று தலையாட்டுவாள்.

(காது கேளாத பெண்ணை ஒலிபெருக்கிக் குடும்பத்தில் கொண்டுவைத்தது கொஞ்சம் ஓவர் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஓவர்தான். ஆனால் மைக் செட் இல்லையென்றால் இவர்களைப் பின்னால் மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோக எனக்கு வேறு வழியில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பதருன்னிசாவுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். சின்ன வயசில் வந்த ஜுரம் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சும் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. வந்த வரன்கள் எல்லாம் இரண்டாந்தாரமாகவே வந்தன, அவளே வேண்டாமென்றுவிட்டாள். தம்பியின் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட பிறகு அந்த வீட்டில் மூன்று பேர்தான்: அவள், கையூம், கையூமின் மனைவி சம்சாத் பேகம்.

அந்த வீட்டுக்கு ஒரு கைப்பேச்சு உண்டு. குமிழைத் திருகுவதுபோல் விரலைத் திருப்பினால் கையூம். மணிக்கட்டில் வளையலைச் சுற்றிவிட்டால் சம்சாத். மூக்குத்தியைத் தொட்டால் பதருன்னிசா.

இந்தக் கைப்பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் வாய் 'இன்னா' என்று கேட்கும்; கை என்ன கேட்கும்? கைக்கு வட்டாரம் உண்டா? தெரியவில்லை. பேசாத படங்களில் நடுநடுவே எழுத்து அட்டை வருமே, அதுபோல இரண்டு மூன்று சொல்லில் [இப்படி] சதுர அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன்.

4

பதருன்னிசா சின்னப் பெண்ணாக இருந்தபோது செங்கல்பட்டில் கூடாரம் அடித்துப் பேசாத படம் காட்டினார்கள். அத்தா, அதாவது அவள் அப்பா, கையைப் பிடித்து அழைத்துப் போவார். இங்கே என் முதல் வாக்கியத்துக்குத் துணையாக ஒரு பத்தி எழுதினேன்:

'அந்த இருட்டில் எல்லோருக்கும் ஒரே காதுதான். திரையில் யாரும் பேசவில்லை. ஆகவே யாரும் செவிடில்லை. அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவரே இல்லாத ஒரே இடம் அந்தக் கூடாரம். அங்கே அவள் மற்றப் பிள்ளைகளோடு—'

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகமும் வந்தது. முடிக்காமல் நிறுத்தியிருக்கிறேன். அழகாக இருக்கிறது, கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

5

சம்சாத் கலியாணமாகி வந்த முதல் மாசம் கையூம் மனைவியைப் படத்துக்கு அழைத்துப் போனார். அக்காவைத் தனியே விட்டுப்போக மனசில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பதினேழு வயசுப் பெண், புகுந்த வீட்டில் இன்னும் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், அன்று நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு தமாஷுக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் சிரிக்கவில்லை. உடனே கையைத் தூக்கி, அந்த வீட்டில் அதுவரை கற்றிருந்த பத்துப் பதினைந்து சைகையை வைத்துக்கொண்டு, திரையில் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். சொல் என்று யாரும் சொல்லவில்லை.

பின்னால் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? (இது சம்சாத்தின் காதில் விழுந்தது, ஏற்பாட்டுக்கு ஒரு விலக்கு.)

"கையக் கீழ எறக்கும்மா! படம் மறைக்குதுல்ல!"

கை கீழே இறங்கியது. மடிக்கு வந்தது. பதருன்னிசாவின் உள்ளங்கைக்குள் போனது. அப்படித்தான் அந்தப் பேச்சு பிறந்தது. கட்டைவிரலை மணிக்கட்டில் வைத்தால் அம்மா. இரண்டு விரலை மடக்கிப் பிடித்தால் கலியாணம். நகத்தால் ஒரு கீறு கீறினால் இந்த ஆள் கெட்டவன். பாட்டு வந்தால் நாலு விரலாலும் தாளம். பாட்டு முடியும்வரை தட்டியாக வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் பாட்டுக்கு என்ன பஞ்சமா, சம்சாத்தின் விரல் மரத்துப்போய்விடும். கோபம் என்றால் அழுத்தம், ரகசியம் என்றால் தொட்டும் தொடாமலும். வில்லன் பேசினால் உள்ளங்கை வலிக்கும்.

படம் விட்டு வந்த பிறகும் விடாது. மறுநாள் அம்மியில் மசாலா அரைக்கும்போது பதருன்னிசா கையை அலம்பிக்கொண்டு வந்து நிற்பாள். [அவள் ஏன் திரும்பிப் போனாள்?] சம்சாத் விளக்குவாள். [அப்ப அவன்?] அதற்கும் விளக்குவாள். ஒரு படம் அந்த வீட்டில் எட்டு நாள் ஓடும்.

(எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள். அவளுடைய கை இவர் மடியில் இருந்தது. சத்தம் நின்றதும் அந்தக் கையும் நின்றுவிட்டது. சத்தம் வந்ததும் மறுபடி அசைந்தது. பார்த்திருக்கிறேன், பார்த்தது மண்டையில் ஏறவில்லை. அந்த அம்மாள் அசையாமல் இருந்தது சத்தம் போனது தெரியாததாலா, கை திரும்ப வரட்டும் என்று காத்திருந்ததாலா? என் வாக்கியம் இங்கே லேசாக ஆடியது. நான் கண்டுகொள்ளவில்லை.)

6

எழுபத்து நாலில் ஒரு படம். இடைவேளைக்கு அப்புறம் ஒரு கிழவன் வருகிறான். யார் என்ன கேட்டாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்கிறான், எதையோ பதில் சொல்கிறான். கொட்டகை சிரிக்கிறது. பதருன்னிசாவுக்குப் பெஞ்சு அதிர்வது தெரிந்தது. அவள் சம்சாத்தின் கையைச் சுரண்டினாள்.

[ஏன் சிரிக்கிறாங்க?]

சம்சாத்தின் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு சொன்னது: [பின்னால் ஒருத்தர் விழுந்துட்டார்.]

பதருன்னிசா திரும்பிப் பார்த்தாள். யாரும் விழவில்லை. வரிசை வரிசையாக முகங்கள். எல்லா வாயும் திறந்திருந்தது. எல்லாக் கண்ணும் திரையில் இருந்தது. அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். கிழவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் சம்சாத்தின் மடியிலிருந்து தன் கையை எடுத்துத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டாள். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

கேலி செய்ததற்காக அவள் கோபப்படவில்லை. அந்தக் கேலி அவளுக்குத் தெருவில் தினம் கிடைப்பது. அவளை அரித்தது வேறு. இன்றைக்குப் பொய் என்றால், நேற்றைக்கு? இத்தனை வருஷமாகக் கைக்குள் வந்த கதைகளில் எது படத்தில் இருந்தது, எது சம்சாத்தின் விரலில் இருந்தது? ஏதோ ஒரு படத்தில் தாயைத் தேடிப் போன அந்தப் பிள்ளை நிஜமாகவே அவளைத்தான் தேடிப் போனதா? யாரைக் கேட்பது? கேட்டால் சம்சாத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வருஷம் ஆயிற்று. சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், வேண்டியதைத் தூரத்திலிருந்தே சைகையில் கேட்டுக்கொண்டார்கள். உள்ளங்கையை மட்டும் பதருன்னிசா நீட்டவில்லை. சினிமாவுக்கும் போகவில்லை.

7

அவள் கொல்லையில் துணி உலர்த்துகிறாள். ஆகவே கொஞ்ச நேரம் சத்தம் எழுதலாம்.

"இன்னா சம்சாத்து, ஒரு வருசமா ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கிகினு கீறீங்க. அன்னிக்கி அப்டி இன்னாதான் சொல்லித் தொலைச்ச?" என்றார் கையூம், ஆம்பிளிபயரின் மூடியைக் கழற்றிக்கொண்டே.

"இன்னாத்த சொல்றது? ஊரே சிரிக்குது. செவிட்டுக் கெழவன்னு சிரிக்கிறாங்கன்னு அவங்க கையில நானா சொல்லுவேன்?"

"அதுக்குன்னு ஆளு வுழுந்துட்டான்னா சொல்லுவ? அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான கீது."

"அந்த நேரத்துக்கு அதான் வந்திச்சி."

"இத்தினி வருசத்துல வேற எதுனா மாத்திச் சொல்லிகீறியா?"

சம்சாத் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தினாள். "அழுவுற சீனுல கொஞ்சம் கொறச்சி சொல்லிகீறேன். அது பொய்யாங்க?"

கையூம் மூடியைத் திருப்பி மாட்டத் தொடங்கினார். பொய்யா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. சம்சாத்தின் மனசுக்குள் போய்ப் பார்த்துவிடலாம், கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி வேலை. ஆனால் பதருன்னிசாவால் முடியாததை நான் செய்வது நியாயமில்லை என்று தோன்றியது. இந்தப் பேச்சையே நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவள் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறுத்துகிறது.

அந்த வாரம்தான் கஸ்தூரிரங்கன் வந்தார். (இங்கேயும் நான் கையூம் பக்கத்தில்தான் நிற்கிறேன்.) சிங்கப்பெருமாள் கோயில்காரர், மெட்ராஸில் பேங்க் உத்தியோகம், பிலிம் சொசைட்டி ஒன்றின் காரியதரிசி.

"பாய், மாமல்லபுரத்துல ஒரு பழைய படம் போடறோம். பம்பாய்லேர்ந்து பிரிண்ட் வரது. பேசாத படம். உங்க செட் வேணும்."

"பேசாத படத்துக்கு மைக் செட்டு எதுக்கு சார்?"

"படத்துக்கு இல்லை பாய். நான் பேசறதுக்கு."

அப்போதுதான் கூடத்தில் ஒலிபெருக்கி துடைத்துக்கொண்டிருந்த பதருன்னிசாவைப் பார்த்தார். விவரம் கேட்டார். நல்ல மனுஷர், முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ உங்க அக்காவைக் கட்டாயம் அழைச்சிண்டு வாங்கோ. இவாளுக்குன்னே எடுத்த மாதிரிப் படம். யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம் பாருங்கோ."

(அவரைக் குறை சொல்லாதீர்கள். அது என் வாக்கியம். அவர் வாயில் நான்தான் போட்டேன்.)

கையூம் அக்காவிடம் சொன்னார்: [படம். யாரும் பேசமாட்டாங்க. உனக்காக.]

பதருன்னிசா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சம்சாத்தின் எதிரே நின்றாள். தன் மணிக்கட்டில் இல்லாத வளையலை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

[நீ வேண்டாம்.]

இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அப்புறம் அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை.

8

கிளம்பும் நாளில் வேன் வாசலுக்கு வந்தது. பதருன்னிசா முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சம்சாத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீ எங்க?" என்றார் கையூம்.

"ஒயரு சுத்த ஆளு வேணும்ல?"

"அதுக்கு ஆளு கீது."

"இருக்கட்டுமே. இன்னொரு ஆளு கூட கீதுன்னு வெச்சிக்கோ" என்று பின்னால் ஏறி, சுருட்டிய ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதியின் புல்தரை. இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைப் படுதா. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்தவர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நாற்காலி. சிற்பம் படிக்கிற பையன்கள் புல்லில் சம்மணம் போட்டிருந்தார்கள். 'அலைகள் ஓவென்று—' அடித்தேன். அலை எழுந்தது, வெளுத்தது, தட்டையாகிப் பின்னால் போனது. அவளுக்குக் கடல் அப்படித்தான்.

கஸ்தூரிரங்கன் மைக்கைப் பிடித்து, மௌனத்தின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

பதருன்னிசா முதல் வரிசையின் ஓரத்து நாற்காலி. சம்சாத் கொஞ்சம் தள்ளி, செட்டுக்குப் பக்கத்தில், ஒயர்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தாள். படுதாவில் வெளிச்சம் விழுந்தது.

ஆற்றங்கரையில் ஒரு வீடு. ஒரு பெண். குதிரையில் ஒருவன் வந்து இறங்குகிறான். அவள் பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள். உதடு ஓடுகிறது, புருவம் ஏறுகிறது. பிறகு கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எழுத்து போனதும் நாற்காலிகள் குலுங்கின. பதருன்னிசா பக்கத்தில் பார்த்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அந்தப் பெண் அழப்போகிற முகத்தோடு நின்றாள்.

என்ன சொன்னாள்?

மறுபடி உதடு, மறுபடி எழுத்து, மறுபடி சிரிப்பு. அழப்போகிறவளைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்? அவளுக்காகவே எடுத்த படத்தில் அவளுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

9

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அத்தாவை நினைத்துக்கொண்டாள்.

கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று வாயைத் திறந்து கதை சொல்வான். எழுத்து வந்தால் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வாயசைப்பார்கள். அத்தாவின் முகம் அந்த ஆள் பக்கம் திரும்பியிருக்கும். சிரிப்பு வந்தால் கை தட்டுவதற்காக அவள் கையை விட்டுவிடுவார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். அவர் திரையைக் காட்டுவார்: [அதோ, பார்.] பேசாத படம்தானே, பார்த்தால் போதாதா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதனால் யாரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை.

பேசாத படம் என்று பேர். பேசாமல் இருந்தது திரை மட்டும்தான். இது எனக்குத் தெரிந்த விஷயமே. ஆனால் அது தெரிந்தால் வாக்கியம் நிற்காது, அதனால் தெரியாதவன்போல் இருந்துவிட்டேன். நாலாம் பகுதியில் முடிக்காமல் விட்ட பத்தியை முடிக்க வேண்டாம். முதல் வாக்கியத்தையும் அடித்துவிடுகிறேன். வேண்டுமானால் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ஊருக்கு சினிமா பேசத் தொடங்கியது முப்பத்தொன்றில், பதருன்னிசாவுக்கு, சம்சாத் கலியாணமாகி வந்த மாசத்தில்.

எழுதிவிட்டு எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை சந்தேகப்படவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். படுதாவின் வெளிச்சம் சம்சாத்தின் முகத்தில் விழுந்திருந்தது. சுற்றிலும் மறுபடி சிரிப்பு. சம்சாத் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, முழித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு நான் சொல்லிவிடலாம்: எழுத்துகள் இங்கிலீஷிலும் குஜராத்தியிலும் இருந்தன. சம்சாத் தமிழ் வாரப் பத்திரிகை படிக்கிறவள். இந்த இரண்டும் அவளுக்குத் தெரியாது. ஆனால் பதருன்னிசாவுக்கு எழுத்து என்றால் எல்லாம் எழுத்து. சம்சாத் படிப்பாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

பதருன்னிசா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்து, சம்சாத்தின் மடியில், ஒரு வருஷத்துக்கு அப்புறம், உள்ளங்கையை மலர்த்தி வைத்தாள்.

[என்ன சொல்றா?]

10

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், சம்சாத் சும்மா ஒரு கதை கட்டுகிறாள். குதிரைக்காரன் படத்துப் பெண்ணுடைய அண்ணன், சின்ன வயசில் ஓடிப்போனவன், இப்போது சொத்துக் கேட்க வந்திருக்கிறான், இப்படி. கை கையோடு சேர்ந்துவிடுகிறது, இருவரும் சந்தோஷமாகப் படம் பார்க்கிறார்கள். எழுதி நாலு நாள் இதுதான் முடிவாக இருந்தது. அப்புறம் மறுநாள் அம்மிக்குப் பக்கத்தில் [அவன் ஏன் ஓடிப்போனான்?] என்று பதருன்னிசா வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில், சம்சாத் கஸ்தூரிரங்கனைக் கூப்பிடுகிறாள். அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தையும் சொல்லச் சொல்ல, அவள் உள்ளங்கையில் போடுகிறாள். இதில் பொய் கிடையாது. ஆனால் கஸ்தூரிரங்கன் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். டைரக்டர் யார், காமிரா எந்த தேசத்து மாடல் என்று போய்க்கொண்டிருந்தார். நானே எழுந்துபோய்விட்டேன்.

மூன்றாவதில், பதருன்னிசா சம்சாத்தின் கையை வாங்கி, அவள் உள்ளங்கையில் படத்தைச் சொல்லத் தொடங்குகிறாள். காது கேளாதவள் காது கேட்கிறவளுக்குக் கதை சொல்கிறாள்! பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்டார். "இதைவிட நல்ல முடிவு வராது, போட்டுடுவோம்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கே புரியவில்லையே! புரியாமல்தானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? நாம் கை தட்ட வேண்டும் என்பதற்காக அவளுக்கு ஒரு ஞானத்தைக் கொடுப்பது என்னால் ஆகாது.

11

ஆகவே இவ்வளவுதான் எழுதுகிறேன்.

சம்சாத் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. படுதாவில் மறுபடி எழுத்து வந்தது. அவள் அதைப் பார்த்தாள், அது போகும்வரை பார்த்தாள். பிறகு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அந்த உள்ளங்கையை ஒரு முறை துடைத்துவிட்டாள்.

[எனக்குத் தெரியலை.]

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவை வருகிற சைகைதான். சினிமாவில் மட்டும் சம்சாத் அதை ஒருநாளும் போட்டதில்லை.

சரியாக அந்த நேரத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். முன்னால், பின்னால், புல்லில், எல்லோரும். பதருன்னிசாவுக்கு நாற்காலிக் காலில் அது தெரிந்தது. ஊரே சிரிக்கிறது, படிக்கத் தெரிந்த, காது கேட்கிற ஒருத்தி தெரியவில்லை என்கிறாள். போன வருஷமும் இப்படித்தான் சிரித்தார்கள்.

சம்சாத் சொன்னது நிஜம். எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். பதருன்னிசாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் விழாத ஆளை விழுந்ததாகச் சொன்ன கை. இன்னொரு பக்கம், சற்று முன்பு வெளிச்சத்தில் தான் கண்ட, சிரிக்காத முகம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் புகுந்து நம்பினாள் என்றோ நம்பவில்லை என்றோ நான் எழுதினால், என்னை நம்புவதற்கு உங்களுக்கு என்ன ஆதாரம்? முதல் பகுதியிலேயே, எல்லாம் நான் கட்டுவது என்று சொன்னவன். அழுகிற இடத்தில் நானும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அவள் இடத்தில் இருந்து பாருங்கள்.

பதருன்னிசா சம்சாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையை இன்னும் எடுக்கவில்லை. படம் பாதிதான் ஆகியிருக்கிறது.